சர்க்கரை உள்ள தாயின் பால்: அச்சமும் உண்மையும்

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் இரவுதான் மிகக் கடினமானது. வந்து வாழ்த்திய உறவினர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். தாய்க்குத் தையல் வலி இருக்கும். குழந்தை விட்டுவிட்டு அழும். அப்படிப்பட்ட ஓர் இரவில், வல்லம் வடகாலில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளம் தாயின் மாமியார் எங்கள் செவிலியரைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சிஸ்டர், இவளுக்குத்தான் சர்க்கரை இருக்கே. அந்தப் பாலைக் கொடுத்தா பிள்ளைக்கும் வந்துடாதா? பாலும் இன்னும் ஊறல. ஒரு டப்பா பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?”

அந்தக் கேள்வியில் அலட்சியம் இல்லை. பேரக்குழந்தையின் மேல் உள்ள அன்பும் அச்சமுமே இருந்தன. நீரிழிவு உள்ள தாய்மார்களின் குடும்பத்தாரிடமிருந்து இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பல தாய்மார்கள் வாய்விட்டுக் கேட்பதும் இல்லை. தம் உடலில் உள்ள நோய் தம் பாலிலும் கலந்திருக்கும் என்று தாமே முடிவு செய்து, குழந்தையை மார்பில் அணைக்கத் தயங்குகிறார்கள். ஆகவே இவ்விதழில் இதற்கு விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறோம். சுருக்கமான விடை இதுதான்: நீரிழிவு உள்ள தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. நீரிழிவு உள்ள தாய்க்கும் அவருடைய குழந்தைக்கும் தாய்ப்பால் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

நம் பகுதியில் இது ஏன் பொதுக் கவலை?

நீரிழிவு உள்ள தாய்மார்களை மூவகையாகப் பிரிக்கலாம். சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்று ஊசியைச் சார்ந்து வாழும் முதல் வகையினர். கருவுறுவதற்கு முன்பே இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்கள். கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை உயர்ந்தவர்கள். எங்களிடம் வருவோரில் மூன்றாம் வகையினரே மிகுதி. இதனைக் கர்ப்பகால நீரிழிவு என்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்நோயைக் கண்டறியும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கர்ப்பகால நீரிழிவு ஆய்வுக்கே அளித்தவர். 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அவர் தலைமையில் தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறுநகர்ப்புறத்தில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமப்புறத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் கர்ப்பகால நீரிழிவு இருப்பது தெரியவந்தது. கிராமத்திலிருந்து நகரை நோக்கிச் செல்லச் செல்ல எண்ணிக்கை ஏறுவதைக் கவனியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள நம் பகுதி, ஒரு தலைமுறைக்குள்ளாகவே கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் நிலம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களுக்கு நடுவே இன்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் நிற்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்து வரும் இளம்பெண்களில் பலர் பின்னர் மணமுடித்து இச்சுற்றுவட்டாரத்திலேயே குடியேறுகிறார்கள். சுழற்சிமுறைப் பணி, நேரம் தவறிய உணவு, குறைந்த உறக்கம், குடும்பத்தில் நீரிழிவு ஆகியவை ஒன்றுசேரும்போது கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறும் வாய்ப்பும் கூடுகிறது. இதில் அந்தப் பெண்ணின் தவறு எதுவும் இல்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதே இந்நோயின் அடிப்படை.

பாலில் என்ன போகிறது, என்ன போவதில்லை?

நீரிழிவு தொற்றுநோய் அன்று. பால் வழியாக அது குழந்தைக்குப் பரவுவதில்லை. தாய்ப்பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. நீரிழிவு இல்லாத தாயின் பாலிலும் அது 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் அளவில் இருக்கிறது. மார்பகமே அதனைத் தயாரிக்கிறது. தாயின் இரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதற்கேற்ப அது பெரிதாக மாறுவதில்லை. தாயின் சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் பாலில் குளுக்கோஸ் சிறிதளவு கூடும் என்பது உண்மை. அதற்குத் தீர்வு தாயின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே. பாலை நிறுத்துவது அன்று.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தாயின் பாலில் இன்சுலின் இருக்குமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். இன்சுலின் ஒரு புரதம். எல்லாத் தாய்மார்களின் பாலிலும் அது இயற்கையாகவே உண்டு. குழந்தையின் வயிற்றில் அது மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். குழந்தையின் சர்க்கரையைக் குறைக்காது. மெட்ஃபார்மின் மாத்திரை மிகமிகச் சிறிய அளவிலேயே பாலில் கலக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அது பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. அண்மையில் புழக்கத்துக்கு வந்துள்ள சில நீரிழிவு மருந்துகளைப் பற்றிப் பாலூட்டும் காலத்துக்குரிய போதிய ஆய்வுகள் இல்லை. எனவே கருவுறுவதற்கு முன் உட்கொண்ட பழைய மாத்திரைகளை, பிரசவத்துக்குப் பின் மருத்துவரைக் கேளாமல் மீண்டும் தொடங்க வேண்டாம். “நான் பால் கொடுக்கிறேன்” என்னும் ஒரு சொல்லை ஒவ்வொரு மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

தாயின் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தால் அது நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தைக்கும் செல்கிறது. ஆனால் தாயின் இன்சுலின் அங்கே செல்வதில்லை. ஆகவே குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கப் பழகுகிறது. பிறந்ததும் தொப்புள்கொடி வெட்டப்படுகிறது. சர்க்கரை வரவு ஒரே கணத்தில் நின்றுவிடுகிறது. இன்சுலினோ உடனே குறைவதில்லை. இதனால் முதல் சில மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். நீரிழிவு உள்ள தாயின் குழந்தை குறித்து முதல் நாளில் எங்களுக்குள்ள முதன்மையான கவலை இதுதான். குழந்தைக்கு நீரிழிவு வந்துவிடும் என்று குடும்பம் அஞ்சுகிறது. நாங்களோ அதற்கு நேர்மாறாகச் சர்க்கரை குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

இத்தகைய குழந்தைகள் சில வேளைகளில் எடை கூடிக் கொழுகொழுவென்று பிறக்கும். “நல்ல புஷ்டியான பிள்ளை, கொஞ்ச நேரம் தூங்கட்டும்” என்று உறவினர்கள் மகிழ்வார்கள். எடை மிகுந்த குழந்தைக்கே சர்க்கரை விரைவாகத் தாழலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கு முதல் மருந்து சீம்பால். பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து, ஆடையின்றித் தாயின் வெற்று மார்பின் மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தாயின் உடல் வெப்பம் குழந்தையின் உடல் குளிராமல் காக்கும். குளிர்ந்த குழந்தை தன் சர்க்கரையை விரைவாகச் செலவழித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால் கொடுக்கப்பட வேண்டும். அதன்பின் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் பால் கொடுக்க வேண்டும். உறங்கினால் எழுப்பியே கொடுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சையில் பிறந்த குழந்தைக்கும், தாய் விழிப்போடு இருந்தால், இது இயலும்.

குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைச் சோதிப்போம். அந்த அழுகை பெற்றோருக்கு வேதனை தரும். ஆயினும் அந்தத் துளி இல்லாமல் குழந்தையின் நிலையை அறிய வழியில்லை. சோதனையின்போது குழந்தை மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தால் வலி குறைவாகத் தெரியும். அளவு 45 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் நாங்கள் உடனே கவனிப்போம். சில குழந்தைகளுக்குக் கறந்த தாய்ப்பாலோ தாய்ப்பால் வங்கியின் பாலோ மருத்துவர் சொல்லும் பால் பவுடரோ கூடுதலாகத் தேவைப்படலாம். சிலருக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். இது தாயின் தோல்வி அன்று; சில மணி நேரத்து மருத்துவம். அந்நேரத்திலும் பாலைக் கறந்துகொண்டே இருந்தால் குழந்தை பின்னர் மார்புக்குத் திரும்புவது எளிதாகும்.

சேனை வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் நாவில் வைப்பது நம் பகுதியில் அன்பின் அடையாளம். “இந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை குறையும் என்கிறீர்களே, அப்படியானால் சேனை நல்லதுதானே?” என்று ஒரு பாட்டி எங்களிடம் நியாயமாகவே கேட்டார். ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் சர்க்கரையைச் சற்று உயர்த்தினாலும் அது நிலைக்காது; கிருமி சேரும் வாய்ப்பும் உண்டு. தேன் ஒரு வயது நிறையும்வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது. சீம்பாலில் சர்க்கரையோடு புரதமும் கொழுப்பும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் உள்ளன. சேனை வைக்கும் உரிமை பெற்ற பெரியவர், தம் கையால் குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்க்கட்டும். அதைவிடச் சிறந்த சேனை இல்லை.

பால் தாமதமாகும், வராமல் போகாது

அந்த மாமியாரின் கேள்வியில் ஓர் உண்மை இருந்தது. பால் உண்மையிலேயே இன்னும் ஊறவில்லை. பொதுவாகப் பிரசவமாகி இரண்டு, மூன்று நாள்களில் மார்பு கனத்துப் பால் பெருகும். நீரிழிவு உள்ள தாய்மார்களுக்கு, குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு, இது ஏறத்தாழ ஒரு நாள் பிந்தக்கூடும். பால் சுரப்பைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன்களில் இன்சுலினும் ஒன்று என்பதே காரணம். அறுவைச் சிகிச்சை, மிகுந்த உடல் எடை, முதல் பிரசவம் ஆகியனவும் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடலாம்.

இந்த ஒரு நாள் தாமதம்தான் பல குடும்பங்களில் தாய்ப்பாலின் கதையையே முடித்துவிடுகிறது. பால் வரவில்லை என்று பவுடர் கொடுக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை மார்பைச் சப்புவதில்லை. சப்பாத மார்பில் பால் சுரப்பதில்லை. பால் இல்லை என்பது உண்மையாகிவிடுகிறது. இந்தச் சுழலில் அகப்படாமல் இருக்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுக்குச் சீம்பால் சுரந்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமானது. அளவு குறைவென்று அஞ்ச வேண்டாம். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தையை மார்பில் வையுங்கள். இரவிலும் விடாமல் கொடுங்கள். பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் மிகுதியாகச் சுரக்கிறது.

குழந்தை சரியாகச் சப்பாவிட்டாலோ தனிப் பிரிவில் இருந்தாலோ கையால் பாலைக் கறக்கலாம். கைகளைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை மார்பின் மேற்புறமும் மற்ற விரல்களைக் கீழ்ப்புறமும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கி மெல்ல அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடுங்கள். தோலின் மேல் விரல்களை இழுக்க வேண்டாம். வரும் சொட்டுகளைத் தூய்மையான பாலாடையில் ஏந்தி அப்படியே குழந்தைக்குப் புகட்டலாம். வீட்டில் சங்கு பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் அதனைக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். புட்டியும் ரப்பர் காம்பும் வேண்டாம்.

பிரசவத்துக்கு முன்பே சீம்பாலைக் கறந்து உறைய வைக்கும் முறை சில நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நீரிழிவு உள்ள 635 கர்ப்பிணிகளிடம் இதுபற்றிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017இல் வெளியாயின. வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் 36 வாரத்துக்குப் பின் நாளுக்கு இரு முறை கறந்ததால் குழந்தைக்குத் தீங்கு நேரவில்லை என்றும், அக்குழந்தைகளில் சற்றுக் கூடுதலானோர் முதல் நாளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர் என்றும் தெரியவந்தது. ஆனால் இதை எல்லோரும் செய்யலாகாது. குறைமாத வலி, இரத்தப்போக்கு, இரட்டைக் கரு போன்ற நிலைகளில் இது ஆபத்தாகலாம். விருப்பம் உள்ளவர்கள் 36ஆம் வாரப் பரிசோதனையில் மருத்துவரிடம் கேட்டு, அவர் இசைந்தால் மட்டும் செய்யுங்கள்.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை மார்பின் கனத்தால் அளக்க வேண்டாம்; குழந்தையைப் பாருங்கள். ஆறாம் நாள் முதல் ஒரு நாளைக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது எனக் கொள்ளலாம். முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் எங்களிடம் வர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும்.

தாயின் சர்க்கரை தாழாமல் காப்பது

நஞ்சுக்கொடி வெளியேறியவுடன் தாயின் இன்சுலின் தேவை சட்டென்று குறைகிறது. கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்படாமல் போகும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கர்ப்ப காலத்துக் கடைசி மாத அளவில் பாதியோ அதற்கும் கீழோ போதுமானதாக இருக்கலாம். பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். எனவே புதிய அளவை எழுதி வாங்காமல் வீட்டுக்குச் செல்ல வேண்டாம்.

பால் சுரப்பதற்கு உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 முதல் 600 கலோரி வரை கூடுதலாகச் செலவிடுகிறது. அதற்கான குளுக்கோஸ் தாயின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாய்க்குப் பால் கொடுக்கும்போதோ அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள்ளோ சர்க்கரை குறையலாம். இரவில் இது மேலும் கவனிக்கத்தக்கது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். பிள்ளை பெற்ற களைப்பு என்று இவற்றைத் தள்ளிவிட வேண்டாம்.

பால் கொடுக்க உட்காரும் இடத்தில் சர்க்கரை சோதிக்கும் கருவி, ஒரு சொம்புத் தண்ணீர், சிறிது தின்பண்டம், ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை ஆகியவற்றை வைத்திருங்கள். பால் கொடுப்பதற்கு முன் ஒரு தம்ளர் பாலோ, ஒரு கைப்பிடிச் சுண்டலோ, ஒரு வேகவைத்த முட்டையோ உண்ணலாம். சோதனையில் 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அந்நேரத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நடக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் கொடுங்கள். கணவரும் மாமியாரும் இந்த அறிகுறிகளையும் முதலுதவியையும் அறிந்திருப்பது கட்டாயம்.

பிரசவ லேகியத்தைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி முதலிய மருந்துச் சரக்குகளோடு வெல்லமோ கருப்பட்டியோ நெய்யோடு சேர்த்துக் கிண்டப்படுவது அது. கருப்பட்டி நல்லது, சர்க்கரையை ஏற்றாது என்ற எண்ணம் தவறானது. அதுவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ள தாய் லேகியத்தைத் தவிர்ப்பதே நல்லது. வீட்டுப் பெரியவரின் மனம் நோகாதிருக்க, அதே சுக்கையும் மிளகையும் பூண்டையும் இரசத்திலும் குழம்பிலும் சேர்க்கலாம். முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, பயறு வகை, முட்டை, மீன், காய்கறி ஆகியவை நம் வழக்கத்தில் உள்ளவையே. இவை நீரிழிவுக்கும் ஏற்றவை. பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது தாயை வாட்டும். எடையை விரைவாகக் குறைக்க வேண்டுமென்று பட்டினி கிடப்பதும் கூடாது.

சர்க்கரை உயர்ந்தே இருந்தால் மார்பில் சீழ்க்கட்டியும் காம்பில் பூஞ்சைத் தொற்றும் எளிதில் வரும். மார்பின் ஒரு பகுதி சிவந்து வலித்துக் காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். காம்பில் எரிச்சலும் குழந்தையின் வாயில் வெண்திட்டுகளும் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் தாய்

குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது நம் அனைவருக்கும் தெரிந்த அறிவுரை. தொழிற்சாலைக்குச் செல்லும் தாய் இதை எவ்வாறு நிறைவேற்றுவார்?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் திருத்தமும் அளித்த உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள். முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் பணிபுரிந்திருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பியபின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்தோடு கூடுதலாக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும்; தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இந்நலனை அதன் வழியே பெறுவார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 26 வாரம் என்பது ஆறு மாதம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். சர்க்கரை உயர்ந்து ஓய்வு தேவைப்பட்டோ மருத்துவமனைக்கு அடிக்கடி வர வேண்டியிருந்தோ முன்கூட்டியே விடுப்பில் செல்லும் தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் 18 வாரமே எஞ்சும். அதாவது, குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்த சில நாளிலேயே அவர் கம்பெனிப் பேருந்தில் ஏற வேண்டியிருக்கும். அந்த இடைவெளியைக் கறந்த பாலால் நிரப்பலாம். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே பாலைக் கறக்கவும், வீட்டில் இருப்பவர் அதைப் பாலாடையால் புகட்டவும் பழகுங்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பும் திரும்பிய உடனும் மார்பில் கொடுங்கள். பணியிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கறந்தால் மார்பு கட்டாது, சுரப்பும் குறையாது. ஐந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் முதலுதவிக்கென மருத்துவ அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்குள்ள செவிலியரிடம் பேசினால் தனிமையான இடமும் குளிர்பதனப் பெட்டியும் கிடைக்க வழி பிறக்கும்.

கறந்த பாலை மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம் சித்திரை வெயிலில் அதற்கும் முன்னரே பயன்படுத்துங்கள். குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தில், கதவில் அல்லாமல், வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். புகட்டும் முன் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கலாம். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாய், ஷிப்டு மாறும் வாரங்களில் ஊசி நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பேருந்துப் பயணத்திலும் பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும்.

ஆறாவது வாரத்துச் சோதனை

கர்ப்பகால நீரிழிவு பிரசவத்தோடு மறைந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்து மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. குழந்தையின் தடுப்பூசிக்குத் தவறாமல் வருகிறார்கள். தம் சோதனைக்கு வருவதில்லை. உண்மையில் அப்பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுதி. தாய்ப்பால் தாய்க்கும் மருந்தாவது இவ்விடத்தில்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கர்ப்பகால நீரிழிவு இருந்த ஏறத்தாழ ஆயிரம் பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. கூடுதலாகவும் நீண்ட காலமும் பால் கொடுத்தவர்களில் நீரிழிவு வந்தவர்கள் பாதியளவுக்கு அருகிலேயே இருந்தனர். அந்நாட்டில் முப்பது ஆண்டுகள் நடந்த மற்றோர் ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாதமும் அதற்கு மேலும் பாலூட்டிய பெண்களுக்கு, பாலூட்டாதவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு 47 விழுக்காடு குறைந்திருந்தது. பால் கொடுப்பதால் நீரிழிவு வரவே வராது என்று இதற்குப் பொருள் அன்று. ஆயினும் மாத்திரையும் செலவும் இல்லாமல் இவ்வளவு பயன் தரும் வேறொன்றை எங்களால் சொல்ல இயலாது.

ஆகவே பிரசவமாகி ஆறு வாரத்தில், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைத் தவறவிடாதீர்கள். அது இயல்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையைச் சோதியுங்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, கருவுறுவதற்கு முன்பே எங்களிடம் வாருங்கள்.

குழந்தை உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

கை கால் நடுங்குதல், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடத்தல், தொடர்ந்து இரு வேளை பால் குடிக்க மறுத்தல், மெலிந்த அல்லது கீச்சென்ற அழுகை, உடல் குளிர்ந்துபோதல், உதடு நீலநிறமாதல், வலிப்பு, கண்ணிலும் தோலிலும் மஞ்சள் நிறம் கூடுதல், ஆறாம் நாளுக்குப் பின் சிறுநீர் குறைதல். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன மாமியாரின் கேள்விக்கு எங்கள் செவிலியர் அன்றிரவு நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. “பவுடர் வேணாம்மா. இங்க வந்து மருமகளுக்குப் பக்கத்துல உட்காருங்க” என்று அழைத்து, தாயின் முதுகுக்குத் தலையணை வைக்கச் சொல்லி, சீம்பாலைக் கறந்து காட்டினார். பாலாடையின் அடியில் மஞ்சளாகத் தேங்கிய சில சொட்டுகளை மாமியாரே குழந்தைக்குப் புகட்டினார். இரவு முழுவதும் குழந்தையின் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. நான்காம் நாள் காலையில் பால் பெருகியது. ஆறாவது வாரத்தில் அந்தத் தாய் சோதனைக்கு வந்தபோது குழந்தையைத் தோளில் சுமந்து உடன் வந்தவர் அதே மாமியார்தான். அடுத்த படுக்கைக்காரர்களிடம் அவர் இப்போது எங்களைவிட நன்றாக இதை எடுத்துச் சொல்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாய் இப்படிக் காத்திருக்கலாம். அவருக்கு அறிவுரையைவிட அருகில் ஒருவர் இருப்பதே முதல் தேவை. ஐயம் எதுவாயினும், இரவு எந்நேரமாயினும், எங்கள் பிரசவ வார்டின் செவிலியரை அழைத்துக் கேளுங்கள்.